ஆட்சேபணை இல்லை

1

இன்று எங்கள் நார்வே சிறையிலிருந்து ஸ்டைனார் விடுதலையானான். போவதற்கு முன் எங்கள் எல்லோருக்கும் மதியச் சாப்பாட்டை அவனே சமைத்தான். மீன் சூப், அவித்த உருளைக்கிழங்கு, கடைசியில் ஒரு கேக். சிறை அதிகாரிகள் நாலு பேர், சமையலறைப் பொறுப்பாளரான பெரித் என்ற அம்மா, அவளுக்குக் கீழே வேலை பார்க்கிற நான், ஸ்டைனாரோடு உள்ளே இருந்த ஆறு பேர், எல்லோரும் ஒரே நீள மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ஸ்டைனார் குடிபோதையில் தன் நண்பனைக் கத்தியால் குத்திக் கொன்றவன். அவனுக்கு வாடகை வீடு பார்த்தாகிவிட்டது. ஒரு பேக்கரியில் வேலை சொல்லியாகிவிட்டது. பல் டாக்டரிடம் நாள் கூடக் குறித்தாகிவிட்டது. பெரித் எழுந்து நாலு வார்த்தை பேசி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஸ்டைனார் ஒவ்வொருவராகக் கை கொடுத்து வந்தான். என்னிடம் வந்ததும் கேட்டான்:

"நான் உன் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தால் என்ன செய்வாய்?"

"வரவேற்பேன்" என்றேன். மேசையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

ஆறு வாரத்துக்கு முன், கோவில்பட்டிப் பக்கம் ஒரு போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து நான் என்ன எழுதிக் கொடுத்தேன் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. அதைத்தான் ஊரில் இருப்பவர்களுக்கு எழுதுகிறேன். என் அண்ணனைக் கொன்றவன் வெளியே வரலாமா, கூடாதா? வந்தால் அவனுக்கு எதிர்வீட்டில் யார் குடியிருப்பது? இதுதான் விஷயம். நான் குடியிருக்கவில்லை.

2

நான் பிறந்தது எப்போதும்வென்றானுக்கு மேற்கே, பஸ் நின்றும் நிற்காமலும் போகிற ஒரு ஊர். ஒன்பதாவது பாதியில் நின்றேன். யாரும் நிறுத்தவில்லை, எனக்கு உட்கார முடியவில்லை. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் பண்டல் கட்டினேன். மில்லில் கொஞ்ச நாள். லாரியில் கிளீனராக நாக்பூர் வரை போய் வந்தேன். நடுவில் விதைப்புக்கும் அறுப்புக்கும் ஊருக்கு வருவேன். இருபத்திமூன்று வயதில் நடந்ததைப் பிறகு சொல்கிறேன். அதற்கப்புறம் துபாய், பிறகு கப்பலில் சமையல். நார்வேயில் ஒரு துறைமுகத்தில் காய்ச்சலோடு இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. அங்கே மீன் கம்பெனியில் தலை வெட்டினேன். அதே பெஞ்சில் வேலை பார்த்த சுபாவைக் கல்யாணம் செய்தேன். அவள் யாழ்ப்பாணத்துக்காரி. எங்களுக்கு ஒரே மகள், கயல்.

ஒன்பது வருடமாக இந்தச் சிறையின் சமையலறையில் இருக்கிறேன். உள்ளே இருப்பவர்களுக்குச் சமைக்கக் கற்றுக்கொடுப்பது வேலை. மதில் கிடையாது. மர வீடுகள், ஒரு ஏரி. இங்கே கைதி என்று சொல்லக்கூடாது, உள்ளே இருப்பவர் என்று சொல்லவேண்டும். முதல் வாரம் நான் மறந்து பழைய வார்த்தையைச் சொல்ல, ஒருவன் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். சாயங்காலம் நான் போய் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு பேரைக் கொன்றவனிடம்.

அதைவிடப் பெரிய தப்பு கத்தியில் நடந்தது. நம் பக்கம் அரிவாளையோ கத்தியையோ கைக்குக் கை கொடுக்கமாட்டோம். கீழே வைப்போம், வேண்டியவர் எடுத்துக்கொள்வார். கையில் கொடுத்தால் பகை. நானும் அப்படியே கத்தியை மேசையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றேன். ஒரு வாரம் கழித்துப் புகார் போய்விட்டது: புது ஆள் எங்களைக் கண்டு பயப்படுகிறான், கை பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கிறான்.

பெரித் கூப்பிட்டு விசாரித்தாள். சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டாள், இங்கே எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார்கள். பிறகு சொன்னாள்: "கைப்பிடியை அவன் பக்கம் திருப்பி, கையில் கொடு. கண்ணைப் பார்த்துக் கொடு. அதற்குத்தான் உனக்குச் சம்பளம். வெங்காயம் நறுக்க அவர்களே கற்றுக்கொள்வார்கள்."

ஒரு மாதம் கை தானாக மேசைப் பக்கமே போயிற்று. பிறகு பழகிவிட்டது. பழகியதைத்தான் நான் பக்குவம் என்று நினைத்துக்கொண்டேன்.

3

அந்த வருடம் ஐப்பசி மழை நன்றாகப் பெய்து பாசிப்பயறு பூ விட்டிருந்தது. காளிராஜின் ஆடுகள் எங்கள் புஞ்சையில் இறங்கின. காளிராஜ் எங்கள் குறுகல் முடுக்கில் எதிர்வீடு, என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். மூன்று தடவை சொல்லிப் பார்த்தோம். நாலாவது தடவை நான் ஒரு கிடாயைப் பிடித்து, முன்னங்காலைக் கம்பால் அடித்து முறித்தேன். ஆடு கத்தியதைவிட அதைத் தூக்கிக்கொண்டு போன அவன் அம்மா கத்தியது அதிகம்.

மறுநாள் காலை அண்ணனும் நானும் களை எடுத்துக்கொண்டிருந்தோம். காளிராஜ் அரிவாளோடு வரப்பில் வந்தான். என் பேரைச் சொல்லிக்கொண்டே வந்தான். நான் ஓடினேன்.

மழை பெய்த கரிசல். அடிக்கு அடி காலில் அப்பி, கால் கனத்துக்கொண்டே போயிற்று. அண்ணன் ஓடவில்லை. "ஏலே காளி, நில்லுல, பேசுவோம்" என்று அவன் சொன்னது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு கேட்டதை எழுத வேண்டியதில்லை. ஓடைக்குள் இறங்கி, சத்தம் நிற்கும் வரை உட்கார்ந்திருந்தேன். அண்ணனுக்கு முப்பத்தொரு வயது. மதினி பேச்சியம்மாளுக்கு இருபத்தாறு. இடுப்பில் ஒரு பெண்குழந்தை.

கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீல் கேட்டார்: "உங்கள் அண்ணனை வெட்டும்போது நீங்கள் ஏன் தடுக்கவில்லை?"

"பயம்யா."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அதுவும் டைப் ஆகியிருக்கும். காளிராஜுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. எனக்குத் துபாய் விசா கிடைத்தது.

4

கயல் இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். போன வருடம் பள்ளியில் 'தண்டனை' என்று ஒரு தலைப்புக் கொடுத்து வகுப்பில் பேசச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து கேட்டாள். அம்மாவின் யாழ்ப்பாணத் தமிழ்தான் அவளுக்கும்.

"அப்பா, பெரியப்பாவைக் கொலை செய்தவர் இப்ப எங்க இருக்கிறார்?"

சுபா அடுப்படியிலிருந்து திரும்பினாள். "அவர் இல்லை. அவன் எண்டு சொல்லு."

"ஏன்? எல்லாரையும் மரியாதையாக் கதைக்கோணும் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்."

கயல் என் பக்கம் திரும்பினாள். "நீங்கள் அவரை மன்னிச்சிட்டீங்களோ?"

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. மகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ம்" என்றேன்.

அவள் வகுப்பில் பேசினாள். என் அப்பா தினமும் கொலை செய்தவர்களோடு சமைக்கிறார், அவருடைய சொந்த அண்ணனைக் கொன்றவரை மன்னித்துவிட்டார் என்று. நான் ஓடியது அதில் இல்லை, அவளுக்குச் சொல்லவில்லை. ஆசிரியை போன் செய்து என்னைப் பாராட்டினார். சின்ன ஊர், பெரித்துக்கும் தெரிந்துவிட்டது. கட்டிப்பிடித்துக்கொண்டாள். இரண்டு மாதம் நான் அந்த ஆளாகவே நடமாடினேன். அப்போதுதான் மதினி போன் செய்தாள்.

"தம்பி, ஆபீசர் வந்திருந்தாவ. நன்னடத்தை ஆபீசராம், ஒரு பொம்பள. கூட ஏட்டையா. காளிராஜ முன்கூட்டியே விடப்போறாவளாம். நம்ம குடும்பத்துக்கு ஆட்சேபண உண்டான்னு எழுதிக் கேக்குதாவ. என்னட்டயும் ஒங்கட்டயும்."

"நீங்க என்ன சொன்னீய?"

"கொழுந்தன்ட்ட கேட்டுச் சொல்லுதேன்னேன்."

நான் அரைமணி நேரம் பேசினேன். இங்கே எப்படி நடத்துகிறார்கள், எப்படி மாறுகிறார்கள், ஒருவனை எத்தனை வருடம் அடைத்துப்போட்டாலும் செத்தவன் வரப்போவதில்லை என்று. மதினி கடைசியில் சொன்னாள்:

"நீங்க சமைச்சுப் போடுதவன் ஒங்க வீட்ல கைய வைக்காதவன் தம்பி."

"மனுசன் மாறுவான் மதினி. நான் கண்ணால பாக்குதேன்."

"மாறுனா நல்லது. மாறிட்டு வேற ஊர்ல இருக்கச் சொல்லுங்க. எங்க வாசலுக்கும் அவன் வாசலுக்கும் நடுவுல ஒரு முடுக்குதான் கெடக்கு."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான் சொன்னேன்: "அண்ணன் இருந்தா அவனும் இதத்தான் சொல்லியிருப்பான் மதினி. அவன் கடைசியாச் சொன்னதே 'பேசுவோம்'னுதான்."

"சரி தம்பி. நீங்க நாலு நாடு பாத்தவிய. கையெழுத்துப் போடுதேன்" என்றாள்.

நான் போட்டது அவ்வளவு லேசாக முடியவில்லை. கையெழுத்துக்குத் தூதரகத்தில் அத்தாட்சி வாங்கவேண்டும். லீவு போட்டு ஆறு மணி நேரம் ரயிலில் போனேன். கவுண்டரில் இருந்தவர் என்ன காரியத்துக்கு என்று கேட்டார். படிவத்தில் சொத்து, கல்யாணம், பென்ஷன் எல்லாம் இருந்தன. சொன்னதும் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு 'இதர' என்பதில் டிக் அடித்தார். "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று நான் தமிழில் எழுதியிருந்ததன் கீழே முத்திரை விழுந்தது. அந்தக் காகிதத்தைக் கயல் போன் எடுத்துப் படம் பிடித்தாள்.

சுபா அன்றைக்குச் சாப்பிடும்போது ஒன்று சொன்னாள். "எங்கட அண்ணாவைச் சுட்டவனை ஆர் பிடிச்சது? பிடிச்சிருந்தாலெல்லோ மன்னிக்கிறதைப் பற்றிக் கதைக்கலாம்." சொல்லிவிட்டுக் கயலுக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

5

காளிராஜ் வெளியே வந்து ஐந்து மாதம் கழித்து மூன்று வார லீவில் ஊருக்குப் போனேன். மதினிக்கு முன்னாலேயே சொல்லவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடை. கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க வெளிநாட்டுக்காரரே. ராஜியெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?"

"என்ன ராஜி அண்ணாச்சி?"

"என்னட்டயே கேக்கீயளா? அண்ணன் தலைக்குப் பேசி முடிச்சியளே, அது."

பெஞ்சில் இருந்த இரண்டு பேர் கிளாசைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கம் வெட்டுப்பட்ட வீடு வெட்டிய வீட்டுக்குச் சாதகமாக ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ராஜி. அதாவது உள்ளுக்குள் ஏதோ கை மாறியிருக்கிறது. அப்படி முடிந்த கேஸ்களைப் பார்த்தே வளர்ந்தவன் நான். ராஜியான வீட்டைப் பற்றி இதே பெஞ்சில் உட்கார்ந்து நானும் சிரித்திருக்கிறேன். ஊரில் இருந்த எந்த முட்டாளும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டான். ஆறு மணி நேரம் ரயிலில் போய் நான் செய்தேன்.

மதினி வீடு பூட்டிக்கிடந்தது. எதிர்வீட்டில் சுவர் பாதி விழுந்து, உள்ளே சீமைக்கருவேலம் முளைத்திருந்தது. குட்டிச்சுவரில் ஒரு கிழவன் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிழவன் என்று நினைத்தேன். என் வயதுக்காரன், காளிராஜ். நான் நிற்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

மதினி குளத்தூரில், கட்டிக்கொடுத்த மகள் வீட்டில் இருந்தாள். மருமகன் என்னைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். மதினி உப்பளத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். நாற்பத்தாறு வயதில் உப்பள வேலை புதிதாகப் பழகுகிறாள். கால் விரலிடுக்கெல்லாம் வெடித்து, தேங்காயெண்ணெய் தடவித் துணி சுற்றியிருந்தாள்.

"சாப்புட்டீயளா தம்பி?"

"தீப்பெட்டி ஆபீஸ் வேல என்னாச்சு மதினி?"

"ஆபீஸ் வேன்ல எடம் விட மாட்டேன்னுட்டாளுவ. 'ஒனக்கென்னட்டி, ராஜி பண்ணுனவ, கார்ல போ'ங்காளுவ. இருவது வருசமா எம் பக்கத்துல ஒக்காந்து பெட்டி அடைச்சவளுவ. அத விடுங்க. வெடிஞ்சும் வெடியாம வேனுக்குக் கதவத் தொறந்தா மொதல்ல அவன் மூஞ்சி."

"ஏதும் சொல்லுதானா?"

"ஒண்ணும் சொல்லல. குனிஞ்சே இருக்கான். அதான் தாங்க முடியல. ஏதாச்சும் சொன்னான்னா வாய்க்கு வந்தபடி வையலாம்." கால் துணியை அவிழ்த்துத் திரும்பச் சுற்றினாள். "இங்கயும் ரொம்ப நாள் இருக்க முடியாது. மாப்ள நேத்தே மகள்ட்ட கேட்டாவ, ஒங்கம்மா எப்பம் போறாங்கன்னு. எனக்கு என் வீடு வேணும் தம்பி."

"நான் போய் அவன்கிட்டப் பேசுதேன்."

"பேசுங்க" என்றாள். "ஓடாமப் பேசுங்க."

அவள் அதைச் சொல்ல இருபது வருடம் காத்திருந்திருக்கிறாள் என்று தெரிந்தது. சொன்ன பிறகு எழுந்துபோய் எனக்குச் சோறு போட்டாள்.

6

மறுநாள் காலை குட்டிச்சுவருக்குப் போனேன். காளிராஜ் எழுந்து, துண்டால் சுவரைத் தட்டி இடம் காட்டினான். முன்பல் நாலும் இல்லை.

"வால முத்து. ஒக்காரு."

உட்கார்ந்தேன். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் இருந்தது.

"நீ கையெழுத்துப் போட்டியாம்ல. எதுக்குல போட்ட?"

மகளைப் பற்றிச் சொல்ல முடியுமா? "நீ மாறியிருப்பன்னு நெனச்சேன்" என்றேன்.

"மாறித்தான் இருக்கேன். அதுக்கு என்ன இப்பம்?" அவன் குரலில் கோபம் இல்லை. "அங்க மூணு வேள கஞ்சி. தறியில வேல. 'காளியண்ணே'ன்னு கூப்புடதுக்கு நாலு பேரு. இங்க எங்கம்மா செத்ததுக்கு வந்து ஒரு நாள் நின்னதோட சரி. கூடப் பொறந்தவன் எங்க இருக்கான்னே தெரியல. ஆதார் இருக்கான்னு கேக்கான் எங்க போனாலும். நான் உள்ள போறப்ப ஏதுல ஆதாரு? எடுக்கப் போனா வீட்டு விலாசத்துக்கு அத்தாச்சி கேக்கான். இந்தா இருக்கே வீடு, கருவேலமரத்துக்கிட்டக் கையெழுத்து வாங்கவான்னு கேட்டேன். சிரிக்கான்."

"அந்த ஆபீசரம்மா?"

"நல்லவிய. ரெண்டு தடவ வந்தாவ. அவிய ஒருத்திக்கு எத்தன ஊரு, எத்தன பேரு. அவியளும் என்ன செய்வாவ." டீக்கடைப் பக்கம் தலையை ஆட்டினான். "பாய்லர் கொதிச்சுக்கிட்டு இருக்கும். நான் போனா டீ தீந்துபோச்சும்பான்."

நான் நார்வேயில் நடப்பதைச் சொன்னேன். வீடு பார்த்து, வேலை பார்த்து, பல் டாக்டர் வரைக்கும் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் அனுப்புவார்கள் என்று. அவன் வாயைத் திறந்து ஈறைக் காட்டிச் சிரித்தான். "பல்லக்கூடவால பாப்பாவ?" பிறகு கேட்டான்: "அது தெரிஞ்சும் என்னய இப்படி வெறுங்கையோட தெறந்துவிடச் சொல்லி எழுதினியா?"

அப்படித்தான் எழுதியிருந்தேன். கேட் திறப்பதை மட்டும் நான் இங்கிருந்து கொண்டுபோயிருந்தேன். மற்றதை யார் செய்வார்கள் என்று கேட்கக்கூட இல்லை.

மூன்று நாள் கோவில்பட்டியில் அலைந்தேன். ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, ஒரு கடலைமிட்டாய்க் கடை, லாரி செட், அறை வாடகைக்கு விடுகிற இரண்டு பேர். முதலாளி காப்பி வாங்கிக் கொடுத்து, மரியாதையாகச் சொன்னார்: "ஒங்களுக்கு அவ்வளவு எரக்கம்னா ஒங்க நாட்டுக்கே கூட்டிட்டுப் போங்களேன் தம்பி." லாரி செட்டில் மரியாதை இல்லை. "அண்ணன வெட்டுனவனுக்கு வேல கேட்டு வந்திருக்கீரே, வெக்கமா இல்லையாவே?" ஆட்டோ ஸ்டாண்டு வரை அது என் பின்னால் கேட்டது.

எனக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. காளிராஜிடம் போய் ஒன்றும் நடக்கவில்லை என்றேன்.

"நடக்காதுன்னு தெரியும். நான் ஒண்ணு சொல்லுதேன், செய்தியா? என்னய நிபந்தனையிலதான் விட்டிருக்காவ. நான் ஒங்கள மெரட்டுதேன்னு ஒரு பெட்டிசன் குடு. திரும்பக் கொண்டுபோயிருவாவ. ஒம் மதினியும் வீட்டுக்கு வந்துரும்."

"நீ மெரட்டலையேல."

"'அன்னைக்குத் தப்பிச்சுட்ட, இன்னைக்கு விடமாட்டேன்'னு சொன்னான்னு எழுது." கொஞ்சம் யோசித்தான். "அதுல பாதி உண்மதான். நான் ஒன்னத் தேடித்தாம்ல வந்தேன். ஒங்கண்ணன்தான் குறுக்க வந்துட்டாவ."

முடுக்கில் ஒரு சைக்கிள் போயிற்று. ஓட்டியவன் எங்கள் இருவரையும் ஒன்றாகப் பார்த்து இறங்கி நின்றான். காளிராஜ் சட்டென்று எழுந்து, கருவேலத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். எனக்குக் கெட்ட பேர் வரக்கூடாது என்று.

7

நான் எழுதிக் கொடுத்தேன். அவன் சொன்ன வாசகத்தையே எழுதினேன்.

வேறு வழி இருந்ததா என்று கேட்பவர்களுக்கு: இருந்தது. வேலையை விட்டுவிட்டு ஊரில் ஆறு மாதம் இருந்து, அவனுக்கு ஆதார் எடுத்து, கைவிடாமல் ஒரு வீடும் வேலையும் பார்த்துக் கொடுத்திருக்கலாம். பெரித் மாதிரி ஒருத்தி எங்கள் ஊரில் இருந்தால் அதைத்தான் செய்வாள். எனக்குச் சனிக்கிழமை டிக்கெட் இருந்தது.

ஏட்டு எழுதியதை வாசித்துவிட்டுக் கேட்டார்: "சாட்சி?"

"நானும் அவனும்தான் இருந்தோம்."

"சரி, விடுங்க. இவனெல்லாம் இப்படித்தான். நீங்க போனவாட்டி 'ஆட்சேபண இல்ல'ன்னு குடுத்தப்பவே நான் சொன்னேன், வெளிநாட்டுல இருக்கவருக்கு என்ன தெரியும்னு."

மறுநாள் ஜீப் வந்தது. காளிராஜ் ஒரு துணிப்பையோடு சுவரில் உட்கார்ந்திருந்தான். அவர்கள் இறங்குவதற்குள் அவனே போய் ஜீப்பின் பின்கதவைத் திறந்தான். ஒரு போலீஸ்காரன், "என்னல, மாமியா வீட்டுக்கா போற?" என்று அவன் பிடரியில் ஒரு அடி வைத்தான். முடுக்கில் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். இன்னொரு அடி விழுந்தது. காளிராஜ் என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று பயந்திருப்பான். சொல்லியிருக்கமாட்டேன்.

டீக்கடையில் அன்றைக்கு என்னிடம் காசு வாங்கவில்லை. "இப்பத்தாம்வே நீரு அண்ணனுக்குத் தம்பி" என்றார் கடைக்காரர். பெஞ்சில் இருந்தவன் எழுந்து இடம் கொடுத்தான். உட்கார்ந்து குடித்தேன்.

வெள்ளிக்கிழமை மதினியைக் கூட்டிவந்தேன். பூட்டைத் திறந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வீட்டைக் கூட்ட ஆரம்பித்தாள். மாதக்கணக்கில் சேர்ந்த தூசி.

"அவன் மெரட்டுனானா தம்பி?"

"இல்ல."

"தெரியும்." கூட்டுவதை நிறுத்தவில்லை. வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்து, எதிரே இருந்த வெறும் சுவரைப் பார்த்தாள். "அவன வச்சு ரெண்டு தடவ எழுதிட்டீய. போதும். இனிம யாராச்சும் காயிதத்தத் தூக்கிக்கிட்டு வந்தா, நானே யோசிச்சுக்கிடுதேன். ஒங்களுக்குப் போன் பண்ண மாட்டேன்."

திங்கட்கிழமையிலிருந்து வேனில் அவளுக்கு இடம் கிடைத்தது என்று அவள் மகள் சொல்லித்தான் தெரியும். மதினி இன்றுவரை போன் செய்யவில்லை.

நான் திரும்பி வந்த அன்று கயல் பள்ளியிலிருந்து ஓடி வந்தாள். அவள் பேச்சைப் பள்ளி முழுவதற்கும் இன்னொரு தடவை பேசச் சொல்லியிருக்கிறார்களாம்.

"அப்பா, அவரைச் சந்திச்சீங்களோ? நல்லா இருக்கிறாரோ?"

"இருக்கார்."

"என்ன கதைச்சீங்கள்?"

"ஒரே சுவர்ல பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து பேசினோம்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "படம் எடுத்தீங்களோ?"

"அவருக்குப் பிடிக்கல."

"அது அவற்ற உரிமை" என்றாள் பெருமையாக. சுவரில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததை அவள் நார்வே மொழியில் எழுதிக்கொண்டாள். வருகிற வியாழக்கிழமை முந்நூறு பிள்ளைகள் முன்னால் அதைச் சொல்லப்போகிறாள். என்னை முதல் வரிசையில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். போவேன்.

என் மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவையும் எழுதினேன்.